உறுதிமொழி போதும், படிவம் 6 கொடுங்கள்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் ஓட்டுப் போடாமல் போவதற்கு அலட்சியம்தான் காரணமா? அவர்களின் முகவரியைக் கேட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

ஆட்சியில் இருந்த முதலமைச்சரையே தோற்கடித்த தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்று, நாடு குடியரசானதும் முதலமைச்சராகத் தொடர்ந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா. காந்தி கலை மன்றத்துக்காகத் தன் வீட்டையே கொடுத்தவர் என்று ஊர் இன்றும் அவரைப் பெருமையாகச் சொல்லும். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்து 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அவர் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். மரியாதை வேறு, ஓட்டு வேறு என்று மக்கள் முடிவுசெய்தார்கள். முதலமைச்சர் தோற்றுப்போனார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, இன்றைய மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. 1967 தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்று வென்றவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் உருவாக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர். வாக்கு வித்தியாசம் 1,285. அன்று வாக்களிக்கும் வயது 21. 1965 ஜனவரியில் வகுப்பைவிட்டுத் தெருவுக்கு வந்த மாணவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது. ஓட்டில்லாத அந்தப் பிள்ளைகள் அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியம்மா என்று வீட்டிலிருந்த ஓட்டுகளைத் திருப்பினார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கி, 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த தமிழகச் சட்டமன்றத் தேர்தல்வரை 21 வயதுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது கல்லூரியில் சேரும்போதோ சேர்ந்த சில மாதங்களிலோ மாணவருக்கு உரிமை வந்துவிடுகிறது. ஆனால், உரிமை வந்த எல்லோருடைய பெயரும் பட்டியலில் ஏறுவதில்லை.

மனிதச் சங்கிலியில் கேட்காத கேள்வி

இந்தியத் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட நாள் 1950 ஜனவரி 25. அந்த நாளை 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் அன்று என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் உறுதிமொழி. வளாகத்தில் ரங்கோலி. பேரணி, மனிதச் சங்கிலி, வாசகப் போட்டி. ‘என் வாக்கு விற்பனைக்கு அல்ல’ என்ற தட்டியோடு செல்பி. மறுநாள் குடியரசு தின விடுமுறை.

அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “உன் பேரு எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசை எண்ணில் இருக்கிறது?” பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல். அது தெரிந்தவருக்கு ஓட்டு இருக்கிறது. தெரியாதவர் இன்னும் வாக்காளரா என்பதே சந்தேகம்தான்.

எண்ணிக்கை இதைத்தான் சொல்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18–19 வயதினர் சுமார் 1.84 கோடி. அந்த வயதினரின் மக்கள்தொகை மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தால், பத்துப் பேரில் நாலு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் அப்போது 6.23 கோடி வாக்காளர்கள்; அவர்களில் 18–19 வயதினர் 11 லட்சத்துக்கும் குறைவு. இந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏழரை முதல் எட்டு லட்சம் பேர் பிளஸ் டூ தேர்வு எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டுக் கூட்டத்தைச் சேர்த்தால் பள்ளி முடித்தவர்கள் மட்டுமே 15 லட்சத்தைத் தாண்டுவார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பட்டியலில் ஏறிய இளைஞர் ஓட்டுப் போட வருகிறாரா? லோக்நீதி – சி.எஸ்.டி.எஸ். ஆய்வுகளின்படி 2014 மக்களவைத் தேர்தலில் இளைஞர்களின் வாக்களிப்பு நாட்டின் சராசரிக்குக் குறைவாக இல்லை. பெயர் ஏறிவிட்டால் கால் தானாக வாக்குச்சாவடிக்குப் போகிறது. அடைப்பு இருப்பது பட்டியலின் வாசலில். நம்முடைய விழிப்புணர்வு முழுவதும் செலவாவது வாக்குச்சாவடியின் வாசலில்.

ரெண்டு முகவரி, ஒரு ஓட்டு

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் படிப்புக்குக் குறைவில்லை. 1963-ல் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், 1973-ல் வந்த ராஜுக்கள் கல்லூரி, ராம்கோ பொறியியல் கல்லூரி என ராஜபாளையத்திலேயே வரிசையாக இருக்கின்றன. மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலசலிங்கம் இருக்கிறது. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வந்து அங்கே விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஏராளம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோ மதுரை, கோவை, சென்னை என்று பிரிந்து போகிறார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் விடுமுறைக்கு முந்தைய நாள் ஏறிப் பார்த்தால் தெரியும், பாதிப் பெட்டி மாணவர்கள்தான்.

வாக்குரிமைக்கு 18 வயது மட்டும் போதாது. ஒரு தொகுதியில் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற தகுதியும் வேண்டும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வைத்த நிபந்தனை இது. விடுதி மாணவருக்கு இங்கேதான் சிக்கல். ஆண்டில் ஒன்பது, பத்து மாதம் வாழ்வது ஒரு ஊர். ஆதார் அட்டை சொல்வது இன்னொரு ஊர். விடுதியில் கேட்டால் ‘ஊர்ல போய்ப் பதிஞ்சுக்கலாம்’ என்பார்கள். ஊருக்குப் போனால் இருப்பது நாலு நாள். அந்த நாலு நாளில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் கண்ணில் படமாட்டார். இப்படியே பட்டமும் வாங்கிவிடுவார்கள்.

உண்மையில் விதி மாணவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவர், பெற்றோர் இருக்கும் ஊரில் பதிவதா, படிக்கும் ஊரில் பதிவதா என்று தானே தேர்ந்தெடுக்கலாம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லையென்றால் கல்லூரி முதல்வரோ பதிவாளரோ தரும் உறுதிச் சான்றை இணைத்தால் போதும். கிருஷ்ணன்கோவிலில் நாலு வருடம் தங்கிப் படிக்கும் குண்டூர்ப் பையன் இங்கேயே வாக்காளராகலாம். சென்னையில் படிக்கும் தளவாய்புரத்துப் பெண் ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாம், சென்னைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது மட்டும் சட்டப்படி குற்றம்.

இதற்காக மாணவர்கள் வழக்காட வேண்டியிருந்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரேரி வியூ என்ற ஊரில் கறுப்பின மாணவர்கள் பெருவாரியாகப் படித்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் பதிவு அதிகாரி மாணவர்களிடம் தனியாக ஒரு கேள்வித்தாளை நீட்டினார். இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பாயா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 1979-ல் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு வழக்கு இல்லாமலே கிடைத்திருக்கும் உரிமை அது. யாரும் சொல்லித் தராததால் கிடப்பில் கிடக்கிறது.

எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? வாக்குப்பதிவு நாளில் எங்கே இருப்போம் என்பதைப் பார்த்து முடிவுசெய்வது நல்லது. தமிழ்நாட்டில் அண்மைக்காலப் பெரிய தேர்தல்கள் ஏப்ரலில் வந்திருக்கின்றன: 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் நெருக்கும் மாதம். வாக்குப்பதிவுக்கு ஒரு நாள் விடுமுறை விட்டால், சென்னையிலிருந்து ராஜபாளையம் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் தேர்வுக்குத் திரும்ப முடியுமா? கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே பாதிப் பேர் அறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடத் தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள்வரை கையாளலாம் என்றது. அடுத்த மாதம் கட்சிகளைக் கூப்பிட்டபோது எதிர்க்கட்சிகள் சந்தேகம் எழுப்பின. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. தபால் ஓட்டு தேர்தல் பணியாளர்கள், படைவீரர்கள், மிகவும் மூத்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குத்தான், மாணவருக்குக் கிடையாது. ஆகவே முகவரியைச் சரிசெய்வதுதான் இப்போதைக்கு ஒரே வழி.

‘இடம் பெயர்ந்தவர்’ என்று எழுதிவிட்டால்?

முகவரிக் குழப்பம் எவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்பதை 2025 கடைசியில் தமிழ்நாடே பார்த்தது. எஸ்.ஐ.ஆர். என்று எல்லோர் வாயிலும் அடிபட்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்திருந்தது. நீக்கப்பட்டவை 97 லட்சத்துக்கும் மேல். அவற்றில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இரட்டைப் பதிவு மூன்றரை லட்சத்துக்குள். மீதி 66 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் என்பது.

இந்தத் திருத்தம் சரியா தவறா என்ற அரசியல் சண்டை தனி. மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீடு பூட்டியிருந்தால், அல்லது வீட்டில் இருப்பவர் ‘பையன் கோயம்புத்தூர்ல படிக்கிறான்’ என்று வெள்ளந்தியாகச் சொன்னால், அந்தப் பெயர் எந்தப் பத்தியில் எழுதப்படும் என்பது அலுவலரின் புரிதலைப் பொறுத்தது. படிக்கப் போயிருப்பதும் குடிபெயர்ந்து போயிருப்பதும் ஒன்றல்ல. ஊரில் பெயரை வைத்துக்கொள்ள விரும்பும் மாணவருக்காக அதை அழுத்திச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டோம் என்று சும்மா இருப்பதும் ஆபத்து. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பெயரைத் தேடிப் பார்ப்பதைத் தேர்வு முடிவு பார்ப்பதுபோலப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டு வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆனாலும் ஒரு பெண் 18 வயதில் அப்பா வீட்டிலும், 20-ல் விடுதியிலும், 23-ல் வேலைக்குப் போன ஊரிலும், 25-ல் கல்யாணமாகிப் போன வீட்டிலும் இருப்பாள். ஏழு வருடத்தில் நாலு முகவரி. ஒவ்வொரு முறையும் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றாவிட்டால் ஓட்டு பழைய வீட்டிலேயே நின்றுவிடும்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில் யாரும் கேட்கக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் மாணிக்கம் தாகூர் விஜய பிரபாகரனை வென்ற வித்தியாசம் 4,379. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த ஒரு மக்களவைத் தொகுதியில் இது ஒன்றுமே இல்லை. 2021-ல் ராஜபாளையத்தில் அமைச்சராக இருந்த கே.டி.ராஜேந்திர பாலாஜி தி.மு.க.வின் தங்கப்பாண்டியனிடம் நாலாயிரத்துக்கும் குறைந்த ஓட்டில் தோற்றார். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021-ல் தியாகராய நகரில் 137. ஒரு வகுப்பறையின் வருகைப் பதிவேடு அளவுக்குத்தான் அந்த எண்கள்.

ராஜபாளையத்து வாக்காளருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கலெக்டர் இருப்பது விருதுநகரில். நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதோ தென்காசித் தொகுதியில். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு ராஜபாளையம் சட்டமன்றத் தொகுதி பொதுவாகவும் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியாகவும் மாறின. இரண்டும் தென்காசித் தனித்தொகுதிக்குள் இருக்கின்றன. ரயில் வேண்டும் என்றால் யாரிடம் போவது, ரோடு வேண்டும் என்றால் யாரிடம் போவது என்பது பட்டதாரிக்கே குழப்பம். வாக்களிப்பது எப்படி என்று சொல்லித் தரும் வகுப்புகள் இந்த வரைபடத்தையும் சொல்லித் தர வேண்டும்.

28 வயதில் முதல் கவுன்சிலர் ஓட்டு

மாணவரைப் பார்த்து ‘ஆர்வமில்லை’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நகராட்சித் தேர்தல் 2011 அக்டோபரில் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்த நாள் 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2011 நவம்பரில் 18 வயதைத் தொட்ட ஒரு ராஜபாளையத்து இளைஞர் தன் வார்டு கவுன்சிலருக்கு முதல் ஓட்டைப் போட்டபோது அவருக்கு 28 வயது. பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், சிலருக்குப் பிள்ளையும் பிறந்திருக்கும்.

கிராமங்களிலும் இதே கதைதான். விருதுநகர் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது அடுத்த தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள். தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும்தான் 18 வயதுக்காரர் தினமும் பார்க்கும் அரசாங்கம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் பைக்கை உருட்டிக்கொண்டு போன பையனுக்கு, அதைத் தட்டிக்கேட்கும் ஓட்டு பத்தாண்டு வராவிட்டால் அரசியல்மேல் என்ன பிடிப்பு வரும்? இளைஞர்களின் அக்கறையின்மை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, அவர்களிடமிருந்து நாம் பறித்த தேர்தல்கள்.

அக்கறை இல்லாத தலைமுறையா இது என்பதற்கு 2017 ஜனவரி பதில் சொல்லிவிட்டது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கத்திலும் இரவு பகலாக உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். கூட்டினால் கூடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர்கள் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். சட்டத்தில் அந்த இடங்களும் இருக்கின்றன.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறுமுறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நாலு நாள் விடுமுறை நாள். விடுதிப் பிள்ளைகள் ஊரில் இருக்க வாய்ப்புள்ள நாள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபையில் எழுந்து பேசலாம், வரவு செலவு கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். நகரங்களுக்கு 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. ராஜபாளையம் நகராட்சியில் 42 வார்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் 33. ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூடினால் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி மழைநீர் வடிகாலின் சரிவைப் பற்றிக் கவுன்சிலரிடம் கேள்வி கேட்கலாம். அவள் படிக்கும் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறைத் தேர்வு கிடையாது.

21 வயதானால் உள்ளாட்சியில் போட்டியிடவே செய்யலாம். 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தியாராணி என்ற 21 வயதுக் கல்லூரி மாணவி ஊராட்சித் தலைவரானார். 2021-ல் பக்கத்துத் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி ஊராட்சிக்கு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொறியியல் பட்டதாரி சாருகலா தலைவரானார். நம் கல்லூரி வாசலிலிருந்து ஊராட்சி அலுவலகம் அப்படியொன்றும் தூரமில்லை.

தேர்தலே பார்க்காத வளாகம்

கல்லூரிக்குள் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தல் இல்லை. வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியர் பார்த்துச் சொல்வார். பேரவைத் தலைவர் மதிப்பெண்ணையும் ‘நல்ல பிள்ளை’ என்ற பெயரையும் வைத்து நியமிக்கப்படுவார். அடிதடி, சாதி, கட்சி என்று நிர்வாகங்கள் பயப்படுகின்றன. பயத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை.

இதே பயத்தை மனத்தில் வைத்துத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளரின் செலவு ரூ.5,000-ஐத் தாண்டக் கூடாது. 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. அடிதடிக்கு இதில் இடமில்லை. தேர்தல் வேண்டாம் என்று லிங்டோ குழு சொல்லவில்லை. தேர்தலை எப்படி நடத்துவது என்றுதான் சொன்னது. விடுதி உணவுக் குழுவையாவது ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாமே. தோற்றவர் வென்றவரின் கையைக் குலுக்குவதை 19 வயதில் ஒருமுறை பார்த்தவருக்கு 40 வயதில் அரசியல் புரியும்.

வீட்டில் நடக்கும் பாடத்துக்கும் வளாகத் தேர்தல் ஒரு மாற்று. தேர்தல் நெருங்கியதும் தெருவில் ஒருவர் நோட்டோடு வந்து ‘வீட்டில் எத்தனை ஓட்டு’ என்று கேட்பார். கோவையில் படிக்கும் பையனின் ஓட்டும் அந்தக் கணக்கில் சேரும்; பணக் கவர் அப்பா கையில் போகும். பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்திய மாநிலம் இது: 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர்; 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. முதல் ஓட்டைப் போடப் போகும் பிள்ளை வீட்டில் கற்கும் முதல் பாடம் கவர் என்றால், கல்லூரியின் உறுதிமொழி அதை அழிக்காது. தன் ஓட்டால் ஏதாவது நடந்ததை ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் அழியும்.

கல்லூரிக்கு வராத பாதியையும் மறக்கக் கூடாது. 2021–22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டிலேயே முன்வரிசை. அப்படியும் அதே வயதில் ராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும், சிவகாசியின் அச்சகம், பட்டாசு ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆலை விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் கல்லூரி விடுதி மாணவியின் அதே முகவரிச் சிக்கல்தான். அவளுக்குச் சொல்லித் தர ஒரு பேராசிரியர்கூடக் கிடையாது. கல்லூரியில் பெயர்ப் பதிவு வெற்றிபெற்றால் அதை ஆலைக்கும் கொண்டுபோகலாம்.

பெட்டிச் செய்தி: மாணவர் தெரிந்துகொள்ள

எப்போது விண்ணப்பிக்கலாம்? முன்பு ஜனவரி 1 அன்று 18 முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 2-ல் பிறந்தவர் கிட்டத்தட்ட ஓராண்டு காத்திருந்தார். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நாலு தகுதி நாட்கள். 17 முடிந்ததும் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.

எந்தப் படிவம்? புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், பிழைதிருத்தம், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை, எல்லாவற்றுக்கும் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கொடுக்கலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலர் கையிலும் கொடுக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்.

தேர்தல் அறிவித்த பிறகு சேர்க்கலாமா? வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கைவைக்க முடியாது. விண்ணப்பத்தை விசாரிக்க நாள் பிடிக்கும் என்பதால் கடைசி வாரத்தை நம்ப வேண்டாம்.

கல்லூரி அடையாள அட்டை செல்லுமா? செல்லாது. வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவற்றில் ஒன்று போதும். ஆனால் அட்டை மட்டும் இருந்து, பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓட்டுக் கிடையாது.

வேட்பாளர்களில் எவரையும் பிடிக்கவில்லை என்றால்? 2013 முதல் நோட்டா இருக்கிறது. வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பது எதிர்ப்பாகக் கணக்கில் வராது, நோட்டா எண்ணப்படும்.

கல்லூரி நினைத்தால் ஒரு வாரம்

பள்ளி, கல்லூரிகளில் வாக்காளர் எழுத்தறிவு மன்றங்கள் 2018 முதல் இருக்கின்றன. கல்லூரித் தூதுவர் என்று மாணவர்களை நியமிக்கவும் வழி உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதன் வேலையை மாற்றினால் போதும். பேச்சுப் போட்டி நடத்தும் மன்றம் பதிவு நடத்தும் மன்றமாக வேண்டும்.

சேர்க்கையின்போது கல்லூரி அலுவலகம் ஒவ்வொரு மாணவரிடமும் பிறந்த தேதி, ஆதார், புகைப்படம், பெற்றோர் முகவரி எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது. படிவம் 6-க்குத் தேவைப்படுவதும் ஏறத்தாழ அதேதான். சேர்க்கைப் படிவத்தோடு இன்னொரு தாளை வைத்து, ‘வீட்டு முகவரியா, விடுதி முகவரியா’ என்று மாணவரையே குறிக்கச் சொல்லலாம். விடுதி என்று குறித்தவர்களுக்கு முதல்வரின் உறுதிச் சான்றை மொத்தமாகத் தயாரித்துவிடலாம். வீடு என்று குறித்தவர்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து அவரவர் தொகுதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு துறைக்கு ஒரு மதியவேளை போதும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்து உட்கார்ந்தால் பிழைகளும் குறையும்.

இறுதியாண்டில் இன்னொரு சுற்று வேண்டும். வேலைக்கோ மேல்படிப்புக்கோ ஊர் மாறுபவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் படிவம் 8-ஐயும் கொடுத்துவிட்டுப் போகட்டும். இல்லாவிட்டால் கிருஷ்ணன்கோவில் விடுதி முகவரியில் பத்தாண்டுக்கு முன் படித்தவர்களின் பெயர்கள் கிடந்து, அடுத்த திருத்தத்தில் ‘இடம் பெயர்ந்தவர்’ என்று மொத்தமாக நீங்கும்.

தேர்வு அட்டவணையிலும் கொஞ்சம் இரக்கம் வேண்டும். வாக்குப்பதிவு நாள் அறிவித்ததும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் தேர்வு இல்லாமல் பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொண்டால், ஊரில் ஓட்டு வைத்திருக்கும் பிள்ளை போய்விட்டு வரலாம். வாக்களித்தால் கூடுதல் மதிப்பெண், மைவிரலைக் காட்டினால் பரிசு போன்ற யோசனைகளைவிட இது மரியாதையானது.

கடைசியில் அளவுகோலை மாற்ற வேண்டும். ‘வாக்காளர் தினம் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது’ என்ற ஆண்டறிக்கை வரிக்குப் பதிலாக, 18 நிரம்பிய மாணவர் இத்தனை பேர், அவர்களில் பட்டியலில் ஏறியவர் இத்தனை பேர் என்று இரண்டு எண்களை எழுதட்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 12 தகுதி நாட்கள் வருகின்றன. நாலாண்டுப் பொறியியலில் 16. அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் ஒரு மாணவர் பட்டச் சான்றிதழோடு வெளியேறினால், கேள்வி அவரிடம் போகக் கூடாது. முதல்வர் அறைக்குத்தான் போக வேண்டும்.